தலை விதி

நடுவர் கோகிலவாணி சிவப்பு அட்டையை உயர்த்தியபோது நகுல் தரையில் முழங்காலிட்டிருந்தான். அடிபட்டு விழுந்துகிடந்த எதிர் டீம் பையன் சைஃபின் தலை ஆடாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஸ்ட்ரெச்சர்! கோயீ ஸ்ட்ரெச்சர் லாவோ!" என்று ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்லி இந்தியில் கத்திக்கொண்டிருந்தான். தன் தலைக்கு மேலே அட்டை நிற்பது அவனுக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரிந்தது. மும்பை மாட்டுங்காவில் ரயில் பாதையை ஒட்டிய அந்த மைதானத்தைச் சுற்றி நின்ற கல்லூரிப் பிள்ளைகள் ஒரே குரலாக ஊளையிட்டார்கள். யாரோ ஒருவன் அந்தக் கணத்தைப் போனில் பிடித்துவிட்டான்.

பையன் எழுந்திருக்கும்வரை பொறுத்திருக்கலாம் என்று அவள் பிறகு பலமுறை நினைத்தாள். பொறுக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுக்கவே தன்னால் முடியாமல் போய்விடும் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

கோகிலவாணி தாராவிக்காரி. அப்பாவும் அம்மாவும் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில். கார்ப்பரேஷன் பள்ளியில் பெண்கள் ஃபுட்பால் டீம் ஒன்று எப்படியோ அமைந்தது. அதில் இடது பக்கத் தடுப்பாட்டம் அவளுடையது. பள்ளி முடிந்ததும் டீமும் முடிந்தது. பேக் தைக்கும் பட்டறையில் வேலை பார்த்த வானமாமலையைக் கல்யாணம் செய்துகொண்டு, மகள் பிறந்து, அந்த மகள் தானாகப் பள்ளிக்கூடம் போய்வரும் வயது வந்த பிறகுதான் ஒருநாள் சொன்னாள்: "ஏங்க, ரெஃப்ரி பரீட்ச எழுதப் போறேன்."

வானமாமலை சிரிக்கவில்லை. "ஓட முடியுமாட்டி?" என்று மட்டும் கேட்டான்.

முடிந்தது. விடிகாலையில் மாஹிம் பக்கம் போய் ஓடிப் பழகி, இரண்டாம் முயற்சியில் தேறினாள். வாரநாட்களில் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேம் காட்டுவது, லென்ஸ் வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் விசில். பள்ளிக்கூட ஆட்டங்கள், தொழிற்சாலை டீம்கள், பிறகு கல்லூரி ஆட்டங்கள். மகள் இப்போது புனேயில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். அம்மா விசில் ஊதும் படத்தைத்தான் தன் போனில் வைத்திருக்கிறாள்.

கண்ணாடிக் கடைக்காரி நடுவராக இருப்பதில் பையன்களுக்கு ஒரு வசதி. ஒரு ஃபவுலை விட்டுவிட்டால் போதும், "மேடம், உங்க கடையிலயே ஒண்ணு வாங்கிக்கோங்க" என்று ஓரத்திலிருந்து கத்துவார்கள். அவளும் சிரித்துவிடுவாள். அந்த அரையிறுதிவரைக்கும் அது வேடிக்கையாகவே இருந்தது.

அந்தக் கல்லூரிப் போட்டியில் இந்த வருஷம் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. கொண்டுவந்தவர் போட்டியின் செயலாளர் சந்திரமௌலி. ஓய்வுபெற்ற இன்ஜினியர், மகன் வீட்டில் சில காலம் அமெரிக்காவில் இருந்தவர். அங்கே கல்லூரிகளில் ஆடும் ஃபுட்பால் வேறு மாதிரி. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஆட்டத்தில் எதிராளியின் தலையைக் குறிவைத்து இடிப்பவனை வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் பாதியில் இடித்திருந்தால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும் அவனுக்குக் கிடையாது. போன வருஷம் இந்தப் போட்டியில் ஒரு பையனுக்குத் தலையில் அடிபட்டு, படிப்பையே நிறுத்திவைக்கும்படி ஆனது. சந்திரமௌலி அந்த அமெரிக்க விதியை அப்படியே எடுத்து இங்கே வைத்தார். ஒன்றை மட்டும் இன்னும் இறுக்கினார். வேண்டுமென்று இடித்தானா, தெரியாமல் பட்டதா என்ற கேள்வியே வேண்டாம். தோளோ முழங்கையோ எதிராளியின் தலையில் பட்டால் போதும், அட்டைதான்.

பையன்கள் அதற்குத் 'தலை ரூல்' என்று பெயர் வைத்தார்கள். விதியின் விவரத்தைக் கேட்ட வானமாமலை, "தலைவிதின்னு சொல்லு" என்றான்.

அரையிறுதியில் செம்பூர் கல்லூரியும் குர்லா கல்லூரியும் மோதின. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கோல்கீப்பர் உதைத்த பந்து உயரப் போய் நடு மைதானத்தில் விழுந்து எம்பியது. செம்பூரின் தடுப்பாட்டக்காரன் நகுல் ஒரு பக்கமிருந்து வந்தான். நெடுநெடுவென்ற பையன், டீமின் கேப்டன். குர்லாவின் சைஃப் எதிர்ப்பக்கமிருந்து வந்தான். குள்ளம், ஆனால் காற்று மாதிரி ஓடுவான். பந்து நினைத்த அளவு எம்பவில்லை. சைஃப் அதைத் தலையால் தட்டக் கடைசி நேரத்தில் குனிந்தான். நகுல் தோளைக் கொடுத்தபடி வந்துகொண்டிருந்தான். நெஞ்சில் படவேண்டிய தோள் நெற்றிப்பொட்டில் பட்டது.

கோகிலவாணி பக்கத்தில்தான் இருந்தாள். நடுவில் யாரும் இல்லை. சத்தமும் கேட்டது.

ஆனாலும் உடனே விசில் ஊதவில்லை. பந்து உருண்டுகொண்டிருந்தது, விழுந்தவன் எழுந்துவிடுவான் என்று ஒரு மூச்சு நேரம் பார்த்தாள். அந்த ஒரு மூச்சில் இன்னொரு பையன் சைஃபைத் தாண்டிக் குதித்து ஓடினான். அவன் பூட்ஸ் சைஃபின் காதை உரசிக்கொண்டு போனது. அப்போதுதான் சைஃபின் வலது கை தனியாக, மீன் துள்ளுவது மாதிரித் துடித்ததைக் கண்டாள். விசிலை ஊதிக்கொண்டே ஓடினாள். அவள் வருவதற்குள் நகுல் அங்கே முழங்காலிட்டிருந்தான்.

அட்டை வாங்கிய நகுல் தலையைக் குனிந்தபடி வெளியே போனான். பத்துப் பேராக ஆடிய செம்பூர், முதல் பாதியில் போட்டிருந்த ஒரு கோலைக் காப்பாற்றி ஜெயித்தது. அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம்.

திங்கட்கிழமை காலைக்குள் அந்தப் படம் தாதர், செம்பூர், திலக் நகர் என்று எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளின் போனுக்கும் போய்விட்டது. முழங்காலிட்டு நண்பனைத் தாங்குவது போல் ஒரு பையன். அவன் தலைக்கு மேலே அட்டையோடு ஒரு பொம்பளை. பாதிப் பேர் நகுலை ரௌடி என்று எழுதினார்கள். மீதிப் பேர் அவளைத் திட்டி எழுதினார்கள். 'கண்ணாடிக் கடையில் வேலை, கண் மட்டும் இல்லை' என்பதுதான் இருப்பதிலேயே மரியாதையான வரி. கடையில் லென்ஸ் வாங்க வந்த இரண்டு பெண்கள் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார்கள். கடை முதலாளி ஷ்யாமளா எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். "ரெண்டு நாள் உள்ளே லென்ஸ் பிரிச்சு வையேன், கோகிலா. கவுண்டர்ல நான் நின்னுக்கறேன்" என்றாள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். கோகிலவாணி லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவளுடைய கவலை படமல்ல. சைஃபின் கை துடித்தது திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. பூட்ஸ் காதை உரசியது வந்தது. அந்த ஒரு மூச்சு நேரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஓரத்திலிருந்து யாரோ எடுத்திருந்த வீடியோவிலும் அது யாருக்கும் உறைக்கவில்லை. பூட்ஸ் ஒரு விரல் இந்தப் பக்கம் விழுந்திருந்தால்?

செவ்வாய்க்கிழமை ஒருவர் கடைக்குள் வந்து நேரே உள்ளே அவள் இருந்த மேசைக்கே நடந்துவந்தார். கண்ணாடியைக் கழற்றி, மூக்கில் அழுத்துகிறது, கொஞ்சம் தளர்த்திக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவள் சின்னக் குறடு ஒன்றை எடுத்துக் கம்பியை நெளிக்கும்போது மெதுவாகச் சொன்னார்:

"நான் நகுலோட அப்பா. ஜெயராம்."

அவள் கை நின்றது.

"பயப்படாதீங்கோ, சண்டைக்கு வரலை. நேக்கு ஃபுட்பால்னா ஒண்ணும் தெரியாது. பேங்க்ல இருந்து ரிடையர் ஆனவன். பையன் ரூமை விட்டு வெளில வரமாட்டேங்கறான். அந்தப் போட்டோவையும் அதுக்குக் கீழே எழுதியிருக்கறதையும் படிச்சுண்டே இருக்கான். அவன் அம்மா சுஷ்மா கதவுக்கு வெளில தட்டை வெச்சுட்டு வந்து அழறா." கண்ணாடி இல்லாத அவர் கண்கள் அவளைச் சரியாகப் பிடிக்க முடியாமல் அலைந்தன. "அவன் வேணும்னு பண்ணலை, மேடம்."

"தெரியும் சார். என் ரிப்போர்ட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு அட்டை?"

"தலையில பட்டுது சார். ரூல் அதுதான்."

"கொஞ்சம் முன்னாடி, முதல் பாதியிலேயே பட்டிருந்தா?"

"அந்த மேட்ச் மட்டும்தான் போயிருக்கும்."

"அதாவது, இண்டர்வெல்லுக்கு முன்னாடி இடிச்சா சின்னத் தப்பு. டீ குடிச்சுட்டு வந்து இடிச்சா பெரிய தப்பு. ஆயுசு பூரா ரூல் பார்த்து வேலை பண்ணினவன் நான். இப்படி ஒரு ரூலைப் பார்த்ததில்லை." அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "இது அவனுக்குக் கடைசி வருஷம். வியாழக்கிழமை கமிட்டி கூப்பிட்டிருக்கா. வீடியோவுல குறுக்க ஒருத்தன் முதுகு வந்து மறைக்கறதாம். பட்டது தலையிலயா நெஞ்சிலயான்னு தெரியலையாம். நீங்க பார்த்தது ஒண்ணுதான் சாட்சி. சந்தேகமா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போறும், தண்டனையை எடுத்துடுவாளாம்."

அவள் கண்ணாடியைத் துடைத்து அவரிடம் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு, "இப்ப அழுத்தலை" என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு மரியாதையாகக் கேட்காமல் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் டிபன் கட்டும்போது வானமாமலையிடம் சொன்னாள். அவன் சட்டைக்குப் பட்டன் போட்டபடியே கேட்டான்.

"ஒரு வார்த்ததான கேக்காவ."

"ஒரு வார்த்ததான்."

"அந்தப் பய வேணும்னு செய்யலன்னு நீயே சொல்லுத. பெறவு சந்தேகம்னு சொல்லிட்டுப் போனா என்னட்டி? யாருக்கு என்ன நட்டம்?"

"நான் பாத்தேன்லா."

"பாத்தது ஒனக்கும் எனக்கும்தான் தெரியும்." கடைசிப் பட்டனைப் போட்டான். "சொல்லலன்னா அந்த சந்திரமௌலி இனிமே ஒன்னயக் கூப்பிடுவாருங்கியா? அவருக்கே அந்தப் பயல ஃபைனல்ல ஆட வைக்கணும்னு இருக்கும். கூட்டம் வரும்லா."

"கூப்பிடாட்டி வீட்ல இருக்கேன்."

"நீ வீட்ல இருக்கிற லெட்சணம் எனக்குத் தெரியாதாக்கும்" என்றான் வானமாமலை. அவன் பயப்படுவது அவளுக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியும். டிபன் டப்பாவை மூடி அவன் கையில் கொடுத்தாள்.

கடைக்குப் போகாமல் சயான் பக்கம் சைஃபைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். சைஃபும் தாராவிப் பையன்தான். அவன் அப்பா இனாயத்துல்லாவின் தோல் பட்டறை அவர்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரம். கடையநல்லூர்க்காரர், அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வார்டு வாசலில் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சிரிக்கவில்லை.

சைஃப் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டு எதுவும் இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

"மேடம்! மேட்ச் யாரு ஜெயிச்சா?"

"செம்பூர்ப்பா. ஒண்ணு பூஜ்யம்."

"அச்சா." தலையை ஆட்டிக்கொண்டான். மின்விசிறியைக் கொஞ்சம் பார்த்தான். நர்ஸ் ஒருத்தி கடந்து போனாள். மறுபடி அவள் பக்கம் திரும்பி, அப்போதுதான் அவளைப் பார்ப்பவன் போல மலர்ந்தான்.

"மேடம்! மேட்ச் யாரு ஜெயிச்சா?"

அவள் இனாயத்துல்லாவைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செம்பூர்" என்றாள் மறுபடியும்.

வராந்தாவில் இனாயத்துல்லா சொன்னார்: "ஞாயித்துக்கிழமயிலேருந்து இதேதாம்மா. ஸ்கேன்ல ரத்தக்கட்டு இல்லயாம். போகப் போகச் சரியாயிரும்ங்கிறாரு டாக்டர். எப்பம்னு கேட்டா சொல்ல மாட்டேங்காரு." சட்டென்று குரல் மாறியது. "வாணி, கமிட்டில நீ ஒண்ணு சொல்லணும். அந்தப் பய வேணும்னே இடிச்சான்னு சொல்லணும். அப்பத்தான் ஒரு வருசமாவது தள்ளி வைப்பாங்க. பாதி மேட்ச் ஒரு தண்டனையா?"

"அவன் வேணும்னு இடிக்கலண்ணே. சைஃப் குனிஞ்சுட்டான்."

"அப்பம் எம்புள்ள மேலயா தப்பு?"

"யாரு மேலயும் இல்லண்ணே."

"யாரு மேலயும் இல்லாமலா அவன் உள்ள கிடக்கான்?" என்றார். பிறகு, சத்தம் போட்டதற்கு வெட்கப்பட்டவர் போல, "டீ குடிக்கியா?" என்று கேட்டார். இருவரும் வராந்தாவிலேயே நின்று டீ குடித்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாட்டுங்காவில் ஒரு சபா ஹாலின் மாடியறை. நீள மேசைக்கு நடுவில் சந்திரமௌலி, இரண்டு பக்கமும் கமிட்டிக்காரர்கள். ஒரு ஓரத்தில் ஜெயராமும் நகுலும். எதிர் ஓரத்தில் இனாயத்துல்லா தனியாக. நகுல் தலை நிமிரவில்லை. நான்கைந்து நாளில் பையன் பாதியாக இளைத்திருந்ததாக அவளுக்குப் பட்டது. கீழே யாரோ வீணை பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் சத்தம் மேலே வந்தது.

வீடியோவைப் போட்டார்கள். பந்து எம்புகிறது, இரண்டு பக்கமிருந்தும் இருவர் வருகிறார்கள், சரியாக அந்த நேரத்தில் ஒரு நீலச் சட்டை குறுக்கே வருகிறது. சட்டை விலகும்போது சைஃப் தரையில் கிடக்கிறான். நாலு முறை போட்டுப் பார்த்தார்கள். நீலச் சட்டை நாலு முறையும் குறுக்கே வந்தது.

சந்திரமௌலி மிகவும் மெதுவாகப் பேசினார். "மேடம், நீங்க ரொம்ப அனுபவம் உள்ளவங்க. ஆனா ஓடிண்டே பார்க்கறப்போ யாருக்கும் தப்பு வரலாம். தோள் முதல்ல நெஞ்சில பட்டு, அப்புறம் அவன் கீழ விழுந்ததில தலை அடிபட்டிருக்கலாம் இல்லையா? உங்களுக்கு அப்படி ஒரு சந்தேகம் இருந்தா, தயங்காம சொல்லலாம். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்."

கதவை அவரே திறந்து வைத்திருந்தார். அவள் நடந்து போகவேண்டியதுதான் பாக்கி. ஜெயராமின் விரல்கள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருப்பதை அவள் பார்த்தாள்.

"சந்தேகம் இல்ல சார். தோள் நெத்திப்பொட்டுலதான் பட்டுது. சத்தம்கூடக் கேட்டுது."

ஜெயராம் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேணும்னு இடிச்சானா?" என்று இனாயத்துல்லா எழுந்தே விட்டார்.

"இல்லண்ணே. வேணும்னு இடிக்கல. நெஞ்சுக்கு வந்த தோளு. இவன் குனிஞ்சான். எத்தன தடவ கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்." பிறகு, யாரும் கேட்காமலே, அவளை மீறி வந்தது: "நானும் ஒடனே விசில் ஊதல சார். எந்திச்சிருவான்னு பாத்தேன். இன்னொரு பையன் காலு அவன் காத உரசிட்டுப் போச்சு. அதயும் எழுதிக்கோங்க."

சந்திரமௌலி பேனாவை மூடி வைத்தார்.

"விதி சரியான்னு நீங்க நினைக்கறேளா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டாரா, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியல சார். தலையில பட்டா வெளிய அனுப்பணும், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. அந்தப் பயம் இல்லன்னா இவங்க யாரும் தோளத் தணிக்க மாட்டாங்க. ஆனா எடவேளைக்கு முன்னால பட்டா ஒண்ணு, பின்னால பட்டா இன்னொண்ணு, அது எனக்குப் புரியல. தலைக்கு ஏது சார் எடவேள?"

கமிட்டியில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் நகுல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வீடு போகும்வரை யோசித்தாள்.

தீர்ப்பு மாறவில்லை. இறுதி ஆட்டத்தின் முதல் பாதி நகுலுக்கு இல்லை. அந்த ஆட்டத்துக்கு நடுவர் பட்டியலில் இருந்த அவள் பெயரும் மறுநாள் இல்லை. "இந்த வாரம் ரெஸ்ட் எடுத்துக்கோங்க மேடம்" என்று சந்திரமௌலியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. வானமாமலை தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். மைதானத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. யாராவது அடையாளம் கண்டு ஏதாவது சொல்வார்களோ என்று துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றாள். இரண்டு பையன்கள் கண்டுகொண்டார்கள், ஆனால் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து போனார்கள்.

முதல் பாதி முழுக்க நகுல் கோட்டுக்கு வெளியே பெஞ்சில், முழங்காலில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். எதிரே போரிவிலி டீம். அவன் இடத்தில் ஆடிய சின்னப் பையன் தட்டுத்தடுமாறினான். ஒவ்வொரு முறை பந்து அந்தப் பக்கம் போகும்போதும் கோகிலவாணி தன் கைவிரலைத் தானே நெரித்தாள். இந்தப் பக்கம் ஒரு கோல் விழுந்தால் அது தன் கணக்கில்தான் வரும் என்று தோன்றியது. விழவில்லை. எப்படியோ இடைவேளை வந்தது, கோல் இல்லாமல்.

நகுல் உள்ளே வந்ததும் செம்பூர்ப் பிள்ளைகள் மைதானம் அதிரக் கூவினார்கள். அவன் நன்றாகவே ஆடினான். காலால் தடுத்தான், பந்தைப் பிரித்துக் கொடுத்தான், பின்னாலிருந்து எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினான். ஜெயராம் எதிர்ப்பக்கத்தில் நின்று, எப்போது கை தட்டுவது என்று தெரியாமல் மற்றவர்களைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பந்து உயர வந்தது. நகுல்தான் பக்கத்தில். இரண்டு எட்டு வைத்து எம்பினால் அவனுக்குத்தான். போரிவிலிப் பையன் ஒருவன் எதிரே, கொஞ்சம் தாமதமாக, குனிந்தபடி ஓடிவந்தான். நகுல் முதல் எட்டு வைத்தான். இரண்டாவது எட்டை வைக்கவில்லை. நின்றுவிட்டான். அந்தப் பையன் பந்தைத் தலையால் தட்டி அவனைக் கடந்துபோய், வலைக்குள் அடித்தான்.

அந்த ஒரு கோலில் செம்பூர் தோற்றது.

வானமாமலை பெருமூச்சு விட்டான். "பயந்துட்டாம்லா பய."

கோகிலவாணி மைதானத்தில் நின்ற அந்த இருவரையும் பார்த்தாள். இரண்டு தலைகளும் முழுசாக இருந்தன. அதுதான் அந்த விதி கேட்டது. தான் சந்தோஷப்பட வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கூட்டம் கலையும்போது நகுல் மரத்தடியை நோக்கி வருவதைப் பார்த்தாள். வானமாமலை அரை எட்டு முன்னால் வந்து நின்றான். பையனுக்கு முகமெல்லாம் மண். பக்கத்தில் வந்து, கொஞ்சம் தள்ளி நின்றான்.

"மேடம், அந்த பால் எனக்குத்தான் கிடைச்சிருக்கும்."

"ஆமா."

"நான் போயிருந்தா அவன் தலை நடுவுல வந்திருக்கும்."

"வந்திருக்கலாம்."

"வந்து, பட்டிருந்தா, கார்டா?"

"நான் விசில் வச்சிருந்தா, கார்டுதான்."

"வராமலும் இருந்திருக்கலாம் இல்லையா?"

"இருந்திருக்கலாம், நகுல். பாக்காம எப்படிச் சொல்ல?"

அவன் காலால் புல்லைத் தேய்த்தான். அவள் வானமாமலையிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கி அவனிடம் நீட்டினாள்.

"சைஃபுக்கு மெசேஜ் பண்ணினேன்" என்றான் அவன். "பரவாயில்ல பாய்னு பதில் போட்டான். அப்புறம் அதையே மறுபடி போட்டான். அப்புறம் மறுபடியும்." உதட்டைக் கடித்துக்கொண்டான். "அவன் சரியாயிடுவானா மேடம்?"

"ஆயிடுவான்னு டாக்டர் சொல்றாரு."

அவன் தலையை ஆட்டிவிட்டு அப்பாவிடம் போனான். ஜெயராம் தூரத்திலிருந்தே அவளைப் பார்த்துக் கையைக் கூப்பவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. மகன் தோளில் கையைப் போட்டு அழைத்துக்கொண்டு போனார்.

சைஃப் சரியாகத்தான் ஆனான், ஆனால் மெதுவாக. ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்பது அந்த மாதத்துக்குள் நின்றது. தலைவலி மட்டும் மழைக்காலம்வரை இருந்தது. பரீட்சையைப் பிறகு எழுதினான். பந்தைத் தொடுவது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் டாக்டர். இனாயத்துல்லா சந்தில் அவளைக் கண்டால் முன்போல நின்று பேசுவதில்லை. பெருநாளுக்குப் பிரியாணி மட்டும் வழக்கம்போல வந்தது. போட்டிக் கமிட்டி விதியில் ஒரு வரியை எடுத்துவிட்டது. இனி எந்தப் பாதியில் பட்டாலும் அந்த ஆட்டத்தோடு தண்டனை முடியும். வேண்டுமென்றா இல்லையா என்ற கேள்வியை அவர்கள் சேர்க்கவில்லை.

அவளைப் பல மாதம் யாரும் கூப்பிடவில்லை. கவுண்டரில் மறுபடி நிற்க ஆரம்பித்தாள். மழை ஓய்ந்த பிறகு அம்பர்நாத்தில் தொழிற்சாலை டீம்களுக்கு ஒரு ஆட்டம், நடுவர் கிடைக்கவில்லை, வர முடியுமா என்று போன் வந்தது. போனாள். சேறு காயாத மைதானம், வயதான ஆட்டக்காரர்கள், ஒவ்வொரு விசிலுக்கும் கூச்சல். உயரப் பந்து வந்தபோதெல்லாம் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, விழுகிறவன் எழுந்து நடக்கும்வரை அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் எழுந்து நடந்தார்கள். ஆட்டம் முடிந்து ரயிலில் உட்கார்ந்தபோதுதான் தன் தாடை எவ்வளவு வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.